ஏ.இ. வர்ற நேரம்

பின்வாசப்படியில உக்காந்து வசந்தாமணி கல்லு பொறுக்கிட்டு இருந்தா. பெருசா இருந்தா எலும்புல பட்டு ஒடிஞ்சிரும், சின்னதா இருந்தா சொறிஞ்சு விட்ட மாதிரி சுகமா நிக்கும், அதனால எலுமிச்சம்பழ அளவு, முனை மழுங்கினது, கைக்குள்ள அடங்குறது. புழுங்கலரிசியில கல்லு பொறுக்குற அதே கண்ணு, அதே விரலு, ஆனா இப்ப கல்லைத் தள்ளாம கல்லை எடுத்து வெச்சுக்கிட்டு இருக்கோமேன்னு நெனைச்சா சிரிப்பு வரணும், வரல, கொட்டாவிதான் வந்துச்சு. நேத்து பூரா பாத்திரம் ஏனம் கட்டி, சாக்கு தெச்சு, பரண்ல கெடந்த பாயை உதறி, இடுப்பு தனியா கழண்டு போய் வேற யாருக்கோ சொந்தமான மாதிரி வலிக்குது. வீட்டுக்குள்ள ஒண்ணும் இல்ல. சுவத்துல காலண்டர் தொங்கின எடம் மட்டும் வெளுப்பா நிக்குது. முன் ரூம்ல குருநாதன், அவ வீட்டுக்காரர், சுருட்டிக் கட்டின மெத்தை மேல சாஞ்சுக்கிட்டு லாரிக்காரனுக்கு போன் போட்டுக்கிட்டே இருக்கார், டவர் சரியா கெடைக்கல, ஹலோ ஹலோன்னு அவர் கத்துறது காலி வீட்ல ரெண்டு ரெண்டு தடவை கேக்குது. லாரி வரணும். இருட்டிருச்சுன்னா செக்போஸ்ட்ல விடமாட்டாங்க, காட்டு ரோடு, ராத்திரி வண்டி போகக்கூடாது. ஆனா லாரி வர்றதுக்கு முன்னாடி மான் வரணும். மான் வந்தா அதை அடிக்கணும். அடிச்சு, மனுசனைக் கண்டா பயப்படணும்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் லாரி ஏறணும். இன்னிக்கு மிச்சம் இருக்குற வேலை இவ்வளவுதான், சொல்லிப் பாத்தா எவ்வளவு சின்ன வேலை, கேஸ் ரெகுலேட்டரை எந்தச் சாக்குல போட்டோம்னு தேடுறதை விடச் சின்னது, அய்யோ அந்த ரெகுலேட்டர், எந்தச் சாக்குல?

மானுக்கு ஏ.இ.ன்னு பேர் வெச்சது குருநாதன்தான். அசிஸ்டென்ட் எஞ்சினியர். அவர் பவர் ஹவுஸ்ல ஷிப்ட் ஆபரேட்டர், வேலைக்குச் சேந்ததுல இருந்து எத்தனையோ ஏ.இ. பாத்தவர், போன வாரம் ரிட்டயர் ஆகி மாலை போட்டு அனுப்பிட்டாங்க. 'பாரு புள்ளே, சாயங்காலம் ஆனா வருது, லைன் வீட்டை ஒவ்வொண்ணா எட்டிப் பாக்குது, துணிக்கொடியை மோந்து பாக்குது, குழாயடியில நின்னு யோசனை பண்ணுது, ஒரு வேலையும் செய்யல, கடைசியா நம்மூட்ல வந்து சாப்ட்டுட்டுப் போகுது. அசல் ஏ.இ.யேதான். கையெழுத்து மட்டுந்தான் போடல.' அப்ப அது குட்டி, அப்புறம் கொம்பு வந்து, விழுந்து, மறுபடி வந்து, இப்ப கொம்பு மேல மெத்துமெத்துன்னு தோல் போத்திக்கிட்டு நல்ல ஆளா ஆயிருச்சு, பேரு மட்டும் மாறல. ஒருநா நெஜ ஏ.இ. புதுசா வந்தவரு, சின்னப் பையன், குவார்ட்டர்ஸ் ஒழுகுதான்னு பாக்க வந்திருந்தாரு, இவ பின்னாடி நின்னுக்கிட்டு 'ஏ.இ., ஏய் ஏ.இ., பா பா, முட்டைகோசு தின்ன வா கண்ணு'ன்னு கூப்பிட, அந்தப் பையன் முன்வாசல்ல இருந்து 'கூப்டீங்களா மேடம்'னு வந்து நின்னாரு. அன்னிக்குச் சிரிச்ச சிரிப்புல இவளுக்கு விலா பிடிச்சிருச்சு. அன்னிக்கு லைன்ல இன்னும் நாலஞ்சு வீட்ல ஆள் இருந்தாங்க, சிரிச்சதைப் போய்ச் சொல்ல ஆள் இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா ரிட்டயர் ஆகி, மாத்தலாகி எறங்கிப் போனாங்க, போன எடத்துக்கு யாரும் வரல. பக்கத்து வீட்டு வாசப்படியில எலந்தைச் செடி மொளைச்சிருச்சு. இன்னியோட இந்த வரிசையில கடைசி லைட்டும் அணையும். மான் கூட்டம் ராத்திரி இங்க வந்து படுக்குறதே லைட்டுக்காகத்தான், லைட்டு இருக்குற எடத்துக்கு செந்நாய் வராதுன்னு அதுக்குத் தெரியும். நம்ம மேல பிரியம் வெச்சு வருதுன்னு நாம நெனைச்சுக்குறோம். இல்ல, பிரியமும் இருக்கும். ஏன் இருக்கக்கூடாது. கொஞ்சூண்டாவது.

தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னு பாத்தா ஒரு குண்டா தண்ணியில ஆரம்பிச்சுது. அந்த வருசம் மழையே இல்ல, டேம்ல சேறு தெரிஞ்சுது, மூங்கில் காஞ்சு ஒண்ணோடொண்ணு உரசுற சத்தம் பல்லு கூசும், தாயும் குட்டியுமா ரெண்டு மான் வேலிக்கு வெளிய வந்து குழாயைப் பாத்துக்கிட்டே நிக்கும். குழாயையே பாக்கும். சொட்டு விழுந்தா காது ஆடும். இவ ஒரு அலுமினியக் குண்டாவுல தண்ணி வெச்சா. தண்ணியோட நிறுத்தியிருக்கலாம், யார் வேணாம்னா. ஆனா இவ பொறந்தது தாராபுரம் பக்கம், தொண்டுப்பட்டியில ஆடும் கட்டுத்தறியில எருமையுமா வளந்தவ, குட்டி போட்ட சீவனுக்கு வெறுந்தண்ணி வெக்கிறது வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு வெறும் எலை போடுற மாதிரின்னு அவ கையே சொல்லுச்சு. மறுநாள் அரிசி களைஞ்ச கழனித்தண்ணி, அதுக்கு மறுநாள் அதுல ஒரு கை தவிடு, அப்புறம் கல்லுப்பு. கன்னுக்குட்டிக்குக் கலக்குற மாதிரியே கையை முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்குவா. காட்டு மானை எருமைக்கன்னு மாதிரி வளக்குற பைத்தியம் இந்த லோகத்துல இவ ஒருத்தியாத்தான் இருக்கும். தாய் கிட்ட வராது, வேலியோரமே நின்னுக்கும், இவளை நம்பல, புத்திசாலி. ஒருநா காலையில செந்நாய்க் கூட்டம் வந்து போன தடமும் ரத்தமும் டேம் ரோட்ல கெடந்துச்சு, அன்னியில இருந்து குட்டி மட்டும் வந்துச்சு. தாய் இருந்திருந்தா எதைக் கண்டா ஓடணும், யார்கிட்ட நிக்கக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்கும். இவ உப்புக் கரைசல் கையை நீட்டினா. அந்த நாக்கு. ஆட்டு நாக்கு மாதிரி இல்ல, அதைவிடச் சூடா, சொரசொரன்னு, உள்ளங்கை ரேகை பூரா தேடித் தேடி நக்கும், விரலிடுக்குல நக்கும், மணிக்கட்டுல நாடி துடிக்கிற எடத்துல மூக்கை வெச்சு மூச்சு விடும். மகளைக் கட்டிக் குடுத்து அனுப்பின வருசம் அது. குருநாதனுக்கு ராத்திரி ஷிப்ட், வந்தா தூக்கம், எந்திரிச்சா ஷிப்ட். அந்த வருசம் பூரா இவ கையைத் தொட்ட சீவன் அது ஒண்ணுதான்னு ஒருநா ஏனம் வெளக்கும்போது திடீர்னு தோணி, அதுக்கு மேல நெனைக்கவே கூடாதுன்னு சாம்பலை அழுத்தித் தேய்ச்சா.

இப்பவும் அதை நெனைக்கக் கூடாது. கல்லை நெனைக்கணும். போன வெசாழக்கெழமை நடந்ததை நெனைக்கணும், அதை நெனைச்சாத்தான் கையில பலம் வரும். அன்னிக்கு பால் வாங்க செக்போஸ்ட் கடைக்குப் போயிருந்தா. கடைக்கு எதுக்க ஏ.இ. நிக்குது, ரோட்டோரத்துல, பட்டப்பகல்ல, டூரிஸ்ட் வண்டி நிறுத்தி சிப்ஸ் போடுவாங்கன்னு கத்துக்கிச்சு போல. பைக்குல வந்த ரெண்டு பேரு நிக்கிறாங்க. டூரிஸ்ட்டும் இல்ல, இந்தப் பக்கத்து ஆளும் இல்ல. ஒருத்தன் கையை நீட்டினான், வெறுங்கை, ஒண்ணுமே இல்லாத கை, ஏ.இ. போய் அந்தக் கையில மூக்கை வெச்சுச்சு. வெச்சதும் அவன் போட்டோ எடுக்கல, தடவிக் குடுக்கல. கழுத்துல ஆரம்பிச்சு முதுகெலும்பு வழியா கையை அழுத்திக் கொண்டு போனான், இடுப்பு எலும்புக்கு ரெண்டு பக்கமும் கட்டைவிரலால குத்திப் பாத்தான், பின்தொடையை ஒரு பிடி பிடிச்சு விட்டான். அந்தக் கையை வசந்தாமணிக்குத் தெரியும். சந்தையில அவங்கப்பன் பக்கத்துல நின்னு அந்தக் கையை எத்தனை தடவை பாத்திருக்கா, அது கசாப்புக்கு வாங்குறவன் கை, வளப்புக்கு வாங்குறவன் பல்லைப் பாப்பான், கசாப்புக்கு வாங்குறவன் முதுகைப் பாப்பான். அவன் மத்தவன்கிட்ட 'முப்பது கிலோ தேறும்'னான். அவ்வளவுதான் பேச்சு. இவ 'ஏய்'னு கத்திக்கிட்டு ரோட்டைத் தாண்ட, அவனுங்க சிரிச்சுக்கிட்டே 'சும்மாங்க அக்கா, எவ்ளோ தோஸ்தா இருக்குது பாருங்க'ன்னுட்டு வண்டியைக் கெளப்பினானுங்க. ஏ.இ. நின்ன எடத்துல நிக்குது. இவளைப் பாத்ததும் அவன் கையை விட்டுட்டு இவ பால் பையை மோந்து பாக்க வருது. ஓடத் தெரியல. ஓடணும்னே தோணல. எந்தக் கை நீண்டாலும் அது இவ கைதான்னு நெனைச்சுக்கிட்டு இருக்குது. வீடு வர்ற வரைக்கும் பின்னாடியே வந்துச்சு, இவ திரும்பித் திரும்பிப் பாத்தா, பாக்கப் பாக்க அது கால் மட்டும் தெரிஞ்சுது, அந்த மெல்லிசு காலு, ஒடிச்சு சாக்குல போடுற அளவுக்குத்தான் இருக்குது.

குருநாதன் எந்திரிச்சு பின்பக்கம் வந்தார். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இன்னும் கட்டாம விட்டிருந்ததால கடைசியா ஒரு வரக்காப்பி போட்டு, டம்ளர் எல்லாம் சாக்குல போயிட்டதால தூக்குப்போசி மூடியில ஊத்திக் கொண்டாந்தார். 'லாரி டிரைவர் என்னங்க சொல்றான்?' 'கொண்டை ஊசியில எறங்கிட்டு இருக்கானாம். எந்த ஊசின்னு கேட்டேன், கட் ஆயிப்போச்சு.' அவர் குந்தி உக்காந்து கல்லுக் குவியலைப் பாத்தார். 'என்ன புள்ளே, இத்தனை கல்லு? யுத்தத்துக்குப் போறவளாட்ட.' 'சும்மா இருங்க.' 'ஒரு பட்டாசைக் கொளுத்திப் போட்டா காது கிழிஞ்சு ஓடிரும், அத விட்டுப்போட்டு…' 'பட்டாசைப் போட்டா பட்டாசுக்குத்தான் பயப்படும். அவன் பட்டாசா எடுத்துட்டு வரப் போறான்? வெறுங்கையை நீட்டிக்கிட்டு வருவான். கைக்கு பயப்படணுங்க.' அவர் ஒரு வாய் குடிச்சுட்டு மூடியை இவகிட்ட நீட்டினார். 'சரி, குடு, நான் அடிக்கறேன். நீ உள்ள போய் நில்லு.' 'நீங்க அடிச்சா உங்களுக்கு பயப்படும். நாளைக்கு வர்றவனை என்னைய மாதிரின்னு நெனைச்சுக்கும். என்னையப் பாத்து பயந்தாத்தான் யாரைப் பாத்தாலும் பயப்படும்.' குருநாதன் தலையைச் சொறிஞ்சார். இத்தனை வருசத்துல அவரால பதில் சொல்ல முடியாத பேச்சு இவ பேசினா அவர் தலையைத்தான் சொறிவார், அந்த எடத்துல முடி கூட இல்ல. 'நீ அடிக்க மாட்டே வசந்தா. கொசுவையே ஊதித்தான் விடுவே.' 'ரெகுலேட்டர் எந்தச் சாக்குல இருக்குது?' 'அட போச்சாது விடு, திருப்பூர்ல போய்ப் பிரிச்சாத் தெரியப் போகுது.' அவர் எந்திரிக்கும்போது முட்டி ரெண்டும் சடக் சடக்னுச்சு. உள்ள போற வழியில நின்னு, திரும்பாமயே, 'கொம்புல படாம பாத்துக்க, தோல் இருக்கறப்ப பட்டா ரத்தம் நிக்காது'ன்னார்.

காப்பி கசந்துச்சு. சக்கரை எந்தச் சாக்குலயோ. வசந்தாமணி படிக்கட்டுல தலையைச் சாச்சா, கண்ணு தானா மூடுச்சு, மூடினா அம்மா வந்துட்டா. வரக்கூடாத நேரத்துல வர்றதே அம்மா வழக்கம். அதே சந்தை, புழுதி, ஆட்டு மூத்திர வாசம். இவ அப்ப பாவாடை தாவணிக்குப் போகாத வயசு, எல்லார்கிட்டயும் பேசுவா, புரோக்கர், டீக்கடைக்காரன், கயிறு விக்கிறவன், யார் கூப்பிட்டாலும் போய் நிப்பா, வாயாடி வாயாடின்னு எல்லாரும் முட்டாய் வாங்கித் தருவாங்க. ஒருநா யாவாரி ஒருத்தன் முட்டாயைக் குடுத்துட்டு இவ மோவாயைப் பிடிச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பாத்தான். சும்மாதான் பாத்தான். இவ முட்டாயைக் கடிச்சுக்கிட்டே நின்னா. எங்கிருந்துதான் வந்தாளோ அம்மா, அவனை ஒரு வார்த்தை சொல்லல, ஒரு பார்வை பாக்கல, இவளை அடிச்சா. கையில இருந்த ஆட்டுக் கயித்தாலயே. அதுவரைக்கும் ஒரு அடி அடிச்சதில்ல. சந்தையே பாக்குது, முட்டாய் புழுதியில விழுந்துச்சு, விழுந்த முட்டாயை எடுக்கக் குனிஞ்சதுக்கு இன்னொரு அடி. ஏம்மா அடிச்சே, நான் என்ன பண்ணேன், அவனை ஏன் அடிக்கலன்னு இவ எத்தனையோ நாள் கேட்டா. அம்மா பதிலே சொல்லல, சாகுற வரைக்கும் சொல்லல. அன்னியில இருந்து இவ யாராச்சும் கையை நீட்டினா ஒரு எட்டு பின்னாடி வெச்சா. கல்யாணத்தன்னிக்கு குருநாதன் தாலி கட்டக் கையைத் தூக்கினப்பக்கூடக் கழுத்து பின்னாடி போச்சு, சுத்தி நின்னவங்க வெக்கம்னு நெனைச்சுச் சிரிச்சாங்க. அந்த ஒரு எட்டு எத்தனை தடவை தன்னைக் காப்பாத்துச்சு, எத்தனை தடவை ஒண்ணுமில்லாத நல்ல கையை எல்லாம் தட்டி விட்டுச்சுன்னு அவளுக்குத் தெரியாது, அதைப் பிரிச்சுப் பாக்கவே முடியாது. அம்மாவை அவ மன்னிக்கல. இப்பவும் மன்னிக்கல. மன்னிக்காமயே அதே வேலையைச் செய்யக் கல்லை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, மானுக்காவது அந்தக் கேள்வி கேக்க வாய் இல்ல, அது ஒரு பெரிய நிம்மதி, த்தூ, இதெல்லாம் ஒரு நிம்மதியா. கழுத்தெல்லாம் வேர்வை. நாப்பத்தெட்டுக்கு அப்புறம் இந்த வேர்வை ஒண்ணு, குளிர்ல கூடக் கொதிக்குது. சும்மா படுத்துரலாம். இப்படியே, இந்தப் படியிலயே. லாரிக்காரன் வந்து சாக்கோட சாக்கா தூக்கிப் போட்டுக்கட்டும்.

வெயில் சாஞ்சு மூங்கில் உச்சிக்குப் போயிருச்சு. வராம இருந்துட்டா? வராம இருந்தா நல்லதுன்னு ஒரு மனசு, வராம இருந்தா அடிக்க வேண்டாம், தப்பு நம்மளுது இல்ல, நாம உக்காந்துதான் இருந்தோம், அது வரல, லாரி வந்துருச்சு, ஏறிட்டோம். அப்புறம்? அப்புறம் திருப்பூர்ல மகள் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி மூணாவது மாடி, பின்வாசல்னு ஒண்ணே கெடையாது, சமையக்கட்டு ஜன்னலைத் தொறந்தா எதுத்தாப்ல இன்னொரு சமையக்கட்டு ஜன்னல், போன மாசம் பாத்துட்டு வந்தாங்க. முட்டைகோசு நறுக்கும்போது மேல் எலையைக் கையில வெச்சுக்கிட்டு எங்க போடுறதுன்னு நிப்பா. அங்க நிக்கும்போது இங்க இது நிக்கும். குழாயடியில. லைட்டு எரியாத வீட்டு முன்னாடி. எத்தனை நாள் வந்து நிக்கும், அப்புறம் கை தேடிட்டு ரோட்டுக்குப் போகும், முப்பது தேறும். சரி வா. வந்துரு. சீக்கிரம் வா, வந்து அடி வாங்கிட்டுப் போ சாமி. வேர்வைக் கையில கல்லு வழுக்குச்சு, முந்தானையில தொடச்சுக்கிட்டா. தூரத்துல லாரி ஹாரன் கேட்டுச்சு, வளைவுல அடிக்கிற நீள ஹாரன். குருநாதன் முன்னாடி ஓடி, 'இந்தப் பக்கம், இந்தப் பக்கம்'னு யாருமில்லாத ரோட்டைப் பாத்துக் கை காட்டுறார். காலி வீட்டு வழியா அவரை எட்டிப் பாக்கத் திரும்பின கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினா ஏ.இ. நிக்குது. வேலியில துணி மாட்டி மாட்டி வளைஞ்சு போன அந்த எடைவெளியில, எப்பவும் நிக்கிற மாதிரி, ஒரு முன்னங்காலைத் தூக்கி வெச்சுக்கலாமா வேண்டாமான்னு. பின்னால புதர்ல பொட்டை மானுங்க ஏழெட்டு, அதுங்க வராது, அதுங்க எப்பவும் வராது. சாயந்தர வெயில் அது காது வழியா வந்து காதுக்குள்ள நரம்பு செவப்பா தெரியுது.

எந்திரிச்சா. கையை ஓங்கினா. ஓங்கினதும் அது காது ரெண்டும் முன்னாடி வந்துச்சு, கண்ணு பெருசாச்சு, அட, இத்தனை வருசமா கையை ஓங்கித்தான் முட்டைகோசு வீசியிருக்கோம், கேரட்டுத் தழை வீசியிருக்கோம், ஓங்கின கைன்னா அதுக்குச் சோறு. வீசினா. கண்ணை மூடிக்கிட்டு வீசினதுல கல்லு ரெண்டு முழம் தள்ளி விழுந்துச்சு. ஏ.இ. நிதானமா நடந்து போய்க் கல்லை மோந்து பாத்துச்சு. அப்புறம் நக்குச்சு. அவ கை வேர்வை உப்பு. கல்லைப் புரட்டிப் புரட்டி நக்கிட்டு, இன்னும் இருக்கும்ல அப்படிங்கிற மாதிரி தலையைத் தூக்கிப் பாத்துட்டு, நேரா அவகிட்டயே வந்துச்சு. 'போ'ன்னா. 'போ, போயிரு கண்ணு, போயிரு.' கண்ணுன்னு சொன்னா எப்படிப் போகும். கண்ணுன்னாதான் வரும். வந்துச்சு, கல்லை மூடியிருந்த கையை மூக்கால முட்டித் தொறக்கப் பாத்துச்சு, தொறக்கலன்னதும் விரல் மேலேயே நக்க ஆரம்பிச்சுது, அந்த நாக்கு, அந்தச் சூடு, விரலிடுக்கு, மணிக்கட்டு. வசந்தாமணி அந்தக் கையாலயே அடிச்சா. கல்லோட சேத்து, மூக்குத் தண்டுல. ஒரு சத்தம் வந்துச்சு, பெருசா ஒண்ணும் இல்ல, கதவைத் தட்டுற மாதிரி. அது பின்னாடி போகல. அது பாத்துச்சு. அடி எங்கிருந்து வந்துச்சுன்னு அவளுக்குப் பின்னால பாத்துச்சு, வேற யாரோ அடிச்சிருக்காங்க போலன்னு, திரும்ப அவளைப் பாத்துச்சு. அதைத்தான் அவளால தாங்க முடியல, அந்தப் பார்வை இன்னும் ஒரு நிமிசம் இருந்தா கல்லு கீழ விழுந்துரும்னு தெரிஞ்சு, மறுபடி அடிச்சா, தோள்ல, மறுபடி விலாவுல, மெத்தையைத் தட்டுற மாதிரி தொம் தொம்னு. ஏ.இ. தடுமாறித் திரும்பி நாலு தாவல் தாவி நின்னுச்சு. நிக்காதே. இவ குனிஞ்சு குனிஞ்சு கல்லை எடுத்து எடுத்து விட்டா, ஒண்ணு பட்டுச்சு, ஒண்ணு படல, கல்லெல்லாம் தீந்ததும் செருப்பைக் கழட்டி விட்டா, அப்புறம் வெறுங்கையை விரிச்சுக்கிட்டு, முந்தானை தரையில இழுபட, என்ன கத்துறோம்னே தெரியாம கத்திக்கிட்டு அது மேல ஓடினா. அப்பத்தான் அது ஓடுச்சு. வேலியை ஒரே தாவாத் தாண்டி, மூங்கில் ஓரத்துல போய் நின்னு, திரும்பி, வாலை நட்டுக்கிட்டு, முன்னங்காலால தரையை ஒரு உதை உதைச்சுது. அடுத்தாப்ல கத்துச்சு. கீய்ங்னு, கம்பியை இழுத்து விட்ட மாதிரி. மறுபடி, கீய்ங். காட்டுல பெருசு எதையாவது கண்டாத்தான் மானு அப்படிக் கத்தும், அந்தச் சத்தம் கேட்டா இந்தக் குவார்ட்டர்ஸ்ல கொழந்தைகளை உள்ள இழுத்துக் கதவைச் சாத்துவாங்க. புதர்ல இருந்த பொட்டைங்க அத்தனையும் ஒரே சமயத்துல ஓடுச்சுங்க, மரத்து மேல கொரங்கு ஒண்ணு அதுவும் சேந்து கத்துச்சு, ஏ.இ. கடைசியா ஒருதடவை அவளைப் பாத்து, அவளையேதான் பாத்து, கத்திட்டு உள்ள போயிருச்சு. மூங்கில் ஆடி நின்னுச்சு. இவ முற்றத்து நடுவுல, ஒரு கால்ல செருப்பு இல்லாம, மூச்சு வாங்கிக்கிட்டு, கையை விரிச்சது விரிச்சபடி நின்னா. முன்பக்கம் லாரி வந்து நின்னு புஸ்ஸுனு காத்து விடுற சத்தம். குருநாதன் வீட்டுக்குள்ளயே ஓடி வர்ற சத்தம், காலி வீடு, ரெண்டு பேர் ஓடி வர்ற மாதிரி கேக்குது. 'வசந்தா! ஏ புள்ளே, மானு கத்துது, சிறுத்தை கிறுத்தை வந்திருக்குமாட்ட இருக்குது, உள்ள வா! வசந்தா!'

'சிறுத்தை இல்லீங்க'ன்னா அவ, திரும்பாம. 'நான்தானுங்க.'